உதிரிகளின் முத்திரை

நாங்கள் வேலை செய்கிற குசினிகளில் ‘சீ.ஈ.’ என்ற இரண்டு இலத்தீன் எழுத்துக்கள் இல்லாத மின்சாமான் அநேகமாக எதுவுமில்லை. கோப்பை கழுவும் மெசினின் பின்புறத் தகட்டில், குளிர்பெட்டியின் உட்புறத்தில், மைக்ரோவேவ் அடுப்பில், காசு மேசையிலுள்ள மெசினுக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னக் கறுப்புப் பெட்டியில், எங்கும் அந்த வளைந்த எழுத்துக்கள். வருடக்கணக்காக இவற்றைத் துடைத்து வருகிறோம். இவை என்ன சொல்கின்றன என்று எங்களுக்குள் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: “அரசாங்கம் சோதிச்சுப் பாத்து, நல்லது எண்டு குடுத்த முத்திரை.”

இந்தப் பதில் பிழையானது. எங்கள் கேள்வியும் இந்தப் பிழையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

பெரும்பாலான மின்சாமான்களைப் பொறுத்தவரை அந்த எழுத்துக்களை எந்த அரசாங்கமும் கொடுப்பதில்லை. தயாரித்தவரே தன் சாமானில் அவற்றைப் பொறித்துக் கொள்கிறார். “ஐரோப்பிய ஒன்றியம் கேட்கிற பாதுகாப்புத் தேவைகளை என் சாமான் நிறைவு செய்கிறது, இதற்கு நானே பொறுப்பு” என்பதே அதன் பொருள். அதற்கு ஆதாரமான தொழில்நுட்பக் கோவையை அவர் 10 வருடங்கள் வைத்திருந்து, அதிகாரிகள் கேட்டால் காட்ட வேண்டும். அபாயம் கூடிய சில வகைச் சாமான்களுக்கு மட்டும் வெளியே ஒரு பரிசோதனை நிறுவனம் தலையிட வேண்டும். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வதென்றால் இது ஒரு சத்தியக் கடதாசி. அத்தாட்சிப் பத்திரத்தில் இன்னொருவர் எங்களைப் பற்றிச் சாட்சி சொல்கிறார். சத்தியக் கடதாசியில் நாங்களே எங்களைப் பற்றிச் சொல்லிக் கையெழுத்து வைக்கிறோம், பொய்யென்றால் தண்டனைக்கும் உடன்படுகிறோம்.

இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஒவ்வொரு நாடும் தன் தன் விதியை வைத்துக்கொண்டு மற்ற நாட்டுச் சாமானை எல்லையில் மறித்துக் கொண்டிருந்த காலத்தில், 1985 இல் ஐரோப்பிய சமூகம் ‘புதிய அணுகுமுறை’ என்ற ஒன்றை ஏற்றுக்கொண்டது. அடிப்படைத் தேவைகளைச் சட்டம் சொல்லும், அவற்றை எப்படி நிறைவேற்றுவது என்ற விபரம் தர நியமங்களுக்கு விடப்படும் என்பது அதன் சாரம். 1993 இல் முத்திரை பற்றிய விதிகள் ஒருமைப்படுத்தப்பட்டன. 2008 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, முத்திரையைப் பொறிப்பவர் சாமானின் இணக்கத்துக்கான பொறுப்பைத் தன்மேல் எடுத்துக் கொள்கிறார் என்பதை வெளிப்படையாக எழுதியது. எழுத்தின் உயரம் குறைந்தது 5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும் என்பதும் விதி. அரிசி மணியொன்றின் நீளம் அளவில் ஒரு வாக்குறுதி!

முழு மெசினைப் பற்றிய கதை இவ்வளவுதான். சிக்கல் மெசின் பழுதடையும்போது தொடங்குகிறது. உள்ளே போகிற உதிரிப்பாகத்துக்கு யார் சாட்சி? அதற்கும் முத்திரை வேண்டுமா?

‘உதிரி’ என்ற சொல்லை நாங்கள் பல இடங்களில் பாவிக்கிறோம். மாலையாகக் கட்டப்படாத பூ உதிரிப்பூ. ஆலைக்குள்ளும் சங்கத்துக்குள்ளும் அடங்காதவர்களை எங்கள் இடதுசாரிகள் உதிரிப் பாட்டாளிகள் என்றார்கள். ஒன்றோடு சேர்ந்திராதது, ஆகவே முழுமையாக நம்ப முடியாதது என்ற நிழல் அந்தச் சொல்லில் எப்போதும் விழுந்தபடி இருக்கிறது. ஐரோப்பியச் சட்டம் உதிரியை எப்படிப் பார்க்கிறது என்று தேடிப் படித்தபோது எங்களுக்கு வியப்புத்தான் ஏற்பட்டது. பல்கலைக்கழகத்தை அரைவாசியில் விட்டு வந்த எங்களுக்கு அந்தப் பத்திரங்களில் எங்கள் தத்துவ வகுப்புக்களை விடக் கூடுதலான தத்துவம் இருந்ததாகப் பட்டது.

தடை, கொள்ளளவி, ட்ரான்சிஸ்டர் போன்ற அடிப்படைக் கூறுகளுக்குத் தாழ் மின்னழுத்தப் பணிப்புரையின் கீழ் முத்திரை இல்லை. காரணம் எளிமையானது. அத்தகைய ஒரு கூறு தனியே மேசையில் கிடக்கும்போது அது பாதுகாப்பானதா இல்லையா என்று சொல்ல முடியாது. எந்தச் சுற்றில், எந்த வெப்பத்தில், எதற்குப் பக்கத்தில் அது வைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதைச் சொல்லலாம். மின்குமிழ், பியூஸ், ஸ்விச் போன்றவற்றைத் தனியே மதிப்பிடலாம் என்பதால் அவை அதே பணிப்புரைக்குள் வருகின்றன. மின்காந்த இடையூறு பற்றிய பணிப்புரை இன்னொரு படி மேலே போகிறது. கொம்பியூட்டருக்குள் பாவனையாளரே வாங்கிச் செருகிக் கொள்ளக்கூடிய அட்டை ஒரு முழுச் சாதனமாகக் கருதப்படும், அதற்கு முத்திரை வேண்டும். தொழிற்சாலை இன்னொரு சாதனத்துக்குள் பொருத்துவதற்கென்றே விற்கப்படும் கூறுக்கு அது தேவையில்லை. அங்கே பொருத்துகிறவர் முழுச் சாதனத்துக்கும் பதில் சொல்வார். அதாவது, எந்தக் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்து ஒரு பொருளின் கடமை மாறுகிறது.

பாதுகாப்புப் பாகங்களின் கதை இதைவிடக் கூர்மையானது. மெசினின் கதவு திறந்தால் ஓட்டத்தை நிறுத்துகிற ஸ்விச் போன்ற ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைத் தனியே சந்தைக்குக் கொண்டுவரும் எவரும், 2006 ஆம் ஆண்டின் இயந்திரப் பணிப்புரையின்படி, அதற்கென்று தனியாக இணக்கம் காட்டி முத்திரை பொறிக்க வேண்டும். ஆனால் மெசினை முதலில் தயாரித்தவரே, பழையதற்குப் பதிலாக அதே மாதிரியான ஒன்றை உதிரிப்பாகமாக அனுப்பினால் அந்தப் பணிப்புரை அதற்குப் பொருந்தாது. 2027 ஜனவரி 20 ஐ நடைமுறைத் திகதியாகக் கொண்டு 2023 இல் இயற்றப்பட்ட புதிய ஒழுங்குவிதியும் இந்த விலக்கை அப்படியே வைத்திருக்கிறது.

வீட்டுப் பிள்ளை கடதாசி இல்லாமல் உள்ளே வரலாம், வெளியாள் கடதாசியோடு வரவேண்டும்! விமான நிலையங்களில் இரண்டு வரிசைகளைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இதைப் படித்ததும் முதலில் கோபந்தான் வந்தது. யோசித்துப் பார்த்தால் இங்கே பேசப்படுவது இரத்தமோ பிறப்போ இல்லை. முதற் தயாரிப்பாளரின் சத்தியக் கடதாசி ஏற்கனவே அந்த மெசினின் தகட்டில் இருக்கிறது. அதே பாகத்தை அவர் மறுபடி அனுப்பும்போது பழைய வாக்குறுதியே தொடர்கிறது. மூன்றாவது ஒருவர் அனுப்பும் பாகத்துக்கு அந்த வாக்குறுதி பொறுப்பேற்காது. ஆகவே அவர் தன் வாக்குறுதியைத் தானே எழுதவேண்டும். இந்த நியாயத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். யார் பதில் சொல்வார் என்பதற்காகக் கடதாசி கேட்பதும், நீ யார் வீட்டுப் பிள்ளை என்பதற்காகக் கேட்பதும் வேறுவேறானவை. முன்னையது நீதி, பின்னையது வேலி.

நியாயமான கேள்வி வேலியாக மாறுவதும் உண்டு. சில தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு பாகத்துக்கும் இலக்கம் கொடுத்து, அந்த இலக்கத்தை மென்பொருளால் சாதனத்தோடு பிணைத்து விடுகிறார்கள். அதே தொழிற்சாலையில் செய்த, அதே வகையைச் சேர்ந்த இன்னொரு சாதனத்திலிருந்து கழற்றி எடுத்த நல்ல பாகத்தைப் பொருத்தினாலும் சாதனம் அதை ஏற்க மறுக்கிறது, அல்லது சந்தேகமான பாகமென்று எச்சரிக்கிறது. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலம் 2024 இல் இதைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு யூனில் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட, 2026 யூலை 31 ஐ நடைமுறைத் திகதியாகக் கொண்ட திருத்தும் உரிமைப் பணிப்புரை, தன் கீழ் வரும் சாமான்களுக்கு, நியாயமான புறநிலைக் காரணமின்றி இப்படி ஒப்பந்தத்தாலோ மென்பொருளாலோ திருத்தத்தைத் தடுக்கக்கூடாது என்கிறது. வேறொருவர் முன்பு திருத்தினார் என்ற ஒரே காரணத்துக்காகத் தயாரிப்பாளர் திருத்த மறுக்கவும் கூடாது. பாதுகாப்பின் பெயரால் வேலி கட்டப்படுவதைச் சட்டம் இயற்றுகிறவர்களும் கண்டுகொண்டிருக்கிறார்கள்.

சந்தேகம் பற்றி இன்னொரு கதையும் உண்டு. ‘சீ’க்கும் ‘ஈ’க்கும் இடையே இடைவெளி குறைவாக இருந்தால் அது ‘சீன ஏற்றுமதி’ என்பதைக் குறிக்கும் வேறு முத்திரை என்று பலர் சொல்வார்கள். குசினியில் வேலை செய்யும் எங்கள் ஆட்களும் இதை மற்றவர்களுக்கு விளக்குவதைக் கேட்டிருக்கிறோம். அப்படியொரு முத்திரை இருப்பதாகத் தனக்குத் தெரியாது என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2008 இல் பாராளுமன்றக் கேள்வியொன்றுக்குப் பதிலளித்தது. விதித்த அளவுப் பிரமாணத்தைப் பேணாமல் பொறித்த அதே முத்திரைதான் அது. பொய் முத்திரைகள் இல்லை என்பது எங்கள் வாதமில்லை, தாராளமாக இருக்கின்றன. ஆனால் பொய்யை எழுத்துக்களின் இடைவெளியில் தேடுவது சோம்பேறியின் சந்தேகம். சரியான இடைவெளியோடு பொய் சொல்லலாம். கோணலாக அச்சிட்டு உண்மையும் சொல்லலாம். கேட்க வேண்டியது முத்திரைக்குப் பின்னால் ஒரு பெயரும் முகவரியும் கோவையும் இருக்கின்றனவா என்பதை. முகத்தைப் பார்த்தே முடிவு சொல்லப்பட்ட அனுபவம் எங்களுக்கு உண்டு. அதே பழக்கத்தைச் சாமான்களிடமும் அவற்றைச் செய்த தொழிலாளரிடமும் நாங்கள் காட்டத் தேவையில்லை.

இனி எங்களை உண்மையாகவே உறுத்துகிற விசயத்துக்கு வருவோம். நகரமொன்றில் எங்களில் சிலர் வேலை செய்த உணவகத்தில் நடந்தது இது. அங்கே இருந்தது மேல்மூடியைத் தூக்கிக் கோப்பை வைக்கிற மெசின். இவ்வகை மெசின்களில் கழுவும் தண்ணீர் சுமார் 60 பாகை, கடைசி அலம்பல் 80 பாகைக்கு மேல். மூடியைத் தூக்கினால் தண்ணீர் விசிறுவது அந்தக் கணமே நிற்க வேண்டும். அதற்கான ஸ்விச் ஒரு வெள்ளிக்கிழமை பழுதானது. புதிய பாகம் வர ஒரு கிழமைக்கு மேலாகும் என்றார்கள், விலையும் சொன்னார்கள். முதலாளி தனக்குத் தெரிந்த ஒருவரைக் கூட்டி வந்தார். அவர் ஸ்விச்சைக் கழற்றிவிட்டு இரண்டு வயர்களையும் ஒன்றாக முறுக்கி ஒட்டினார். மூடி எப்போதும் பூட்டியிருக்கிறதென்று அன்றிலிருந்து மெசின் நம்பத் தொடங்கியது. மூன்றாவது கிழமை ஓர் இரவு, அவசரத்தில் மூடியைத் தூக்கிய எங்கள் நண்பனின் முழங்கையிலிருந்து கழுத்துவரை கொதிநீர் விசிறியது. அவனது அகதி விண்ணப்பம் அப்போது முடிவாகியிருக்கவில்லை. பெயர் வெளியே வரக்கூடாதென்ற பயத்தில் முறைப்பாடு எதுவும் செய்யவில்லை. முதலாளி சொன்ன வார்த்தை எங்களுக்கு இன்னமும் நினைவிருக்கிறது: “மெசினில் முத்திரை இருக்கிறது. அவன்தான் கவனமில்லாமல் திறந்தான்.”

அவர் சொன்னது உண்மைதான். தகடு அப்படியே இருந்தது. எழுத்துக்களை யாரும் சுரண்டவில்லை, மாற்றவில்லை. தயாரிப்பாளரின் வாக்குறுதியும் அந்த மெசின் விற்கப்பட்ட நாளில் உண்மையாகவே இருந்திருக்கும். ஆனால் உள்ளே இருந்த மெசின் தகடு பேசுகிற மெசின் இல்லை. உண்மையான ஒரு வாக்கியத்தைக் கொண்டே ஒரு பொய் சொல்லப்பட்டது.

ஒழுக்கம் பற்றிய எங்கள் கேள்வி இதுதான்: பொய் சொன்னது யார்? வயரை முறுக்கியவரா? அவர் ஒன்றும் சொல்லவில்லை. தயாரிப்பாளரா? அவருக்கு நடந்ததே தெரியாது. முத்திரை தானாகப் பொய் சொல்லுமா?

சட்டத்திடம் ஒரு பகுதிப் பதில் உண்டு. ஐரோப்பிய ஆணைக்குழுவின் ‘நீல வழிகாட்டி’ 2022 பதிப்பின்படி, முதலிருந்த செயற்றிறனும் நோக்கமும் வகையும் மாறாமல் திருத்தப்பட்ட சாமான் புதிய சாமானாகாது, பழைய முத்திரையே போதும். அவற்றைக் கணிசமாக மாற்றினால் அது புதிய சாமானாகக் கருதப்படலாம். மாற்றியவர் தயாரிப்பாளரின் இடத்தில் நின்று எல்லாப் பொறுப்பையும் ஏற்க வேண்டும். மேலும், வேலைத்தலக் கருவிகள் பற்றிய 2009 ஆம் ஆண்டுப் பணிப்புரை, கருவியை அதன் பாவனைக் காலம் முழுவதும் பாதுகாப்பான நிலையில் பராமரிப்பது வேலை கொள்வோரின் கடமை என்கிறது. முத்திரை மெசினின் பிறந்த நாளைப் பற்றியது. அதன் பின்னுள்ள வாழ்நாளுக்கு முதலாளி பொறுப்பு. அவர் தகட்டைச் சுட்டிக்காட்டியபோது தன் பொறுப்பை எங்கோ தொலைவிலிருந்த தொழிற்சாலையின் தலையில் இறக்கிவைத்தார். பொய் அங்கேதான் சொல்லப்பட்டது.

‘அப்படியென்றால் ஒவ்வொரு ஆணிக்கும் முத்திரை கேட்போம்’ என்று சிலர் சொல்லக்கூடும். அதனால் பயனில்லை. முத்திரை பெற்ற இரண்டு சாதனங்களைச் சேர்த்தால் முத்திரைக்குத் தகுந்த ஒரு தொகுதி தானாக வந்துவிடாது என்று மின்காந்தப் பணிப்புரைக்கான வழிகாட்டியே சொல்கிறது. தனித்தனியே அமைதியான இரண்டு கருவிகள் சேர்ந்ததும் ஒன்றையொன்று குழப்பலாம். நல்ல பிள்ளைகள் சேர்ந்தால் நல்ல இயக்கம் வரும் என்று நம்பிய சமூகம் எங்களுடையது. கூட்டின் குணம் கூறுகளின் குணத்திலிருந்து தானாகப் பிறப்பதில்லை என்று அறிய நாங்கள் கொடுத்த விலை அதிகம். ஆணியின் நன்மையை ஆணியில் மட்டும் தேட முடியாது.

மறுபக்கத்தில், முத்திரையில்லாத உலகத்தையும் எங்களில் பலர் அறிவோம். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் பெரியவர்கள் றேடியோச் செய்தி கேட்டார்கள். சுற்றியவர்கள் அப்போது சிறுவர்களாயிருந்த நாங்கள். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எந்தப் பாகம் எந்த மெசினிலிருந்து வந்ததென்று கேட்பாரில்லை. அங்கே முத்திரையாக இருந்தவர் திருத்துகிற மனிதர். சந்தியில் கடை வைத்திருந்தவரின் பெயர், ஊர், தகப்பன் பேர் எல்லாம் தெரியும். பிழைத்துப்போனால் அடுத்தநாள் காலை அவர் வாசலில் நிற்கலாம். அதை ஒரு பொற்காலமாகப் பாட நாங்கள் தயாரில்லை. அது முற்றுகை. குப்பி விளக்கு கவிழ்ந்தும் எரிபொருள் பற்றியும் மனிதர்கள் கருகினார்கள். ஆனால் யார் பதில் சொல்வார் என்ற கேள்விக்கு அங்கே ஒரு முகம் இருந்தது.

புலம்பெயர்தல் என்பது முகம் தெரியாதவர்கள் மத்தியில் வாழ்வது. இந்த மெசினைச் செய்தவரை எங்களுக்குத் தெரியாது, அவருக்கு எங்களைத் தெரியாது. அவர் கைவேலையின் மீது எங்கள் தோலை வைத்து ஒவ்வொரு இரவும் வேலை செய்கிறோம். அந்த 5 மில்லிமீற்றர் எழுத்து அந்நியருக்கு அந்நியர் கொடுக்கும் வாக்கு. இரத்தவுறவும் ஊருறவும் இல்லாத இடத்தில் மனிதர் ஒருவரையொருவர் நம்புவதற்குக் கண்டுபிடித்த வழிகளில் அதுவும் ஒன்று. இதை அதிகார வர்க்கத்தின் இன்னுமொரு கடதாசி என்று தள்ளிவிட எங்களால் முடியவில்லை. அதைச் சுட்டிக்காட்டிப் பொய் சொல்கிறவர்மீது எங்களுக்குக் கோபம் வருவதும் அதனாற்தான்.

சட்டம் எப்போதும் புதியதன் பக்கம் நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2006 யூலை 1 இலிருந்து ஐரோப்பாவில் புதிய மின்சாமான்களில் ஈயம், பாதரசம், கட்மியம் உட்பட ஆறு பொருட்கள் கட்டுப்படுத்தப்பட்டன. கிட்டத்தட்ட 40 வீதம் ஈயம் கலந்த பழைய பற்றாசுக்கு மாறாக, சில விதிவிலக்குகள் தவிர, 0.1 வீதத்துக்கு மேல் ஈயம் கூடாதென்றானது. ஆனால் அந்தத் திகதிக்கு முன் சந்தைக்கு வந்த சாமான்களைத் திருத்தும் உதிரிப்பாகங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. புதிய விதிக்காகப் பழைய மெசின்களையெல்லாம் குப்பையில் போட்டால் சூழலுக்குக் கேடு கூடும், திருத்திப் பாவிப்பது நல்லது என்பதே அதிலுள்ள நியாயம். எந்த விதியின் கீழ் பிறந்ததோ அந்த விதியின்படியே அதைத் திருத்தலாம். நடுவயதில் புதிய நாடொன்றின் ஒழுங்குக்குள் வந்து விழுந்த எங்களுக்கு, பழையதிடம் காட்டப்பட்ட இந்தப் பொறுமை நல்லதொரு சிந்தனையாகத் தெரிகிறது.

‘அகதியும் ஒரு உதிரிப்பாகம்தானே’ என்று இந்தக் கட்டுரையை முடிக்க வேண்டுமென்று நண்பரொருவர் சொன்னார். எங்களுக்கு உடன்பாடில்லை. உதிரிப்பாகம் பேசாது, பொருத்திய இடத்தில் இருக்கும், எரிந்தால் கழற்றப்படும். எங்கள் நண்பனின் கையை அப்படி மாற்ற முடியாது. அந்த ஒப்புமையில் கொஞ்சம் அழலாம், அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமிருக்காது. உண்மையில் நாங்கள் இருப்பது மெசினின் மறுபக்கத்தில். தினமும் அதைத் திறக்கிறவர்கள், அதன் சத்தம் மாறினால் முதலில் அறிகிறவர்கள், முறுக்கிய வயரைக் கண்ணால் காண்கிறவர்கள் நாங்கள். ஐரோப்பாவின் முத்திரை ஒழுங்கில் தயாரிப்பாளருக்கு இடம் உண்டு, இறக்குமதியாளருக்கும் விற்பவருக்கும் உண்டு. வயரை முறுக்கியவரின் பெயர் எங்கும் பொறிக்கப்படுவதில்லை. அதைப் பார்த்த தொழிலாளியின் பெயரும் இல்லை.

பழைய கைக்கடிகாரங்களின் பின்மூடியைக் கழற்றினால் உட்புறத்தில் ஊசியால் கீறிய சின்ன எழுத்துக்களும் இலக்கங்களும் இருக்கும். ஒவ்வொரு தரமும் திருத்தியவர் தன் அடையாளத்தையும் சில வேளை திகதியையும் கீறி வைப்பது அந்தத் தொழிலின் பழக்கம். எந்தச் சட்டமும் அதைக் கேட்கவில்லை. அடுத்ததாகத் திறக்கப்போகிற, தான் ஒருநாளும் காணாத இன்னொரு கைவினைஞனுக்காக அவர் அதைச் செய்தார். எங்கள் குசினிகளிலும் இப்படியொரு பழக்கம் வரலாம். மெசின் அருகே ஒரு கொப்பி: எந்தப் பாகம், எங்கிருந்து வந்தது, யார் பொருத்தினார், எந்தத் திகதி. முதலாளி கொப்பி வைக்கச் சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில்தான். விசா இல்லாதவரால் பேச முடியாமலிருக்கலாம். விசா உள்ளவர் அவருக்காகக் கேட்கலாம். எங்களில் பலருக்கு இப்போது நிரந்தர அனுமதி கிடைத்துவிட்டது, சிலருக்குக் குடியுரிமையும் உண்டு. அந்தக் கடதாசிகளால் ஆகக்கூடிய காரியங்களில் இதுவும் ஒன்று.